மைக் கைக்கு வந்ததும்

"பாரு பிள்ள, இன்னைக்கு அந்தச் சேர்மன நாக்கப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்கேன்!"

மாட்டுங்கா ஹால்ல, மிக்சி கம்பெனி ஷேர்க்காரங்க கூட்டத்துல உக்காந்து பல்லக் கடிச்சாரு செல்லப்பாண்டி அண்ணாச்சி. தாராவியில லெதர் பை தைக்கிற கார்கானா அவருக்கு.

பக்கத்துல ஜெபசெல்வி. அதே தாராவியில இட்லி அவிச்சு விக்கிறவ. அண்ணாச்சி பேச்சக் கேட்டு, மக காலேஜுக்குச் சேத்த எம்பதாயிரத்த இந்த மிக்சி கம்பெனி ஷேர்ல போட்டா. இப்ப அது முப்பதாயிரத்துல வந்து நிக்குது. அடுத்த மாசம் ஃபீஸ் கட்டணும்.

"ரிப்போர்ட்டப் பாத்தியா? மொதப் பக்கத்துல ஈன்னு இளிச்சுக்கிட்டு நிக்கான். நட்டத்த மட்டும் கடைசியில எறும்பு சைசுல போட்டிருக்கான், களவாணிப் பய!"

"அந்த இளிப்பப் பாத்துத்தான அண்ணாச்சி வாங்கச் சொன்னீங்க?"

"அது போன வருஷத்து இளிப்பு பிள்ள!"

அங்க மைக்கப் பிடிச்சு ஒரு பெரியவரு பேசிக்கிட்டிருந்தாரு. சங்கரநாராயணன். எந்தக் கம்பெனி கூட்டம்னாலும் மொத ஆளா ஆஜர்.

"சேர்மன் சார், ரிப்போர்ட் பேப்பர் என்ன வழவழப்பு! போன வருஷம் குடுத்த காஜு கத்லி இன்னும் நாக்குலயே நிக்கறது!"

அண்ணாச்சி அதே மாதிரி மூக்கால பேசிக் காமிச்சாரு. "நாக்குலயே நிக்கறதாம்... த்தூ! ஒரு டப்பா ஸ்வீட்டுக்கு ஜால்ரா அடிக்கான் மூதி. இவனுவளாலதான் அவன் நம்மள மொட்டையடிக்கான்."

அடுத்து அண்ணாச்சி பேரக் கூப்புட்டாங்க. ஜெபசெல்வியும் கூடவே போனா.

"சேர்மன்!" அண்ணாச்சி இந்தியில போட்ட சத்தத்துல ஹாலே திரும்பிப் பாத்துச்சு. "நான் தாராவியிலருந்து வாரேன். லெதர் பை தைக்கிறவன். எங்கள என்ன கேணப் பயலுவன்னு..."

சேர்மன் கண்ணாடியக் கழட்டினாரு. "லெதர் பையா? அடடே! அடுத்த வருஷம் ஸ்வீட்டுக்குப் பதிலா எல்லாருக்கும் பைதான் குடுக்கப் போறோம். ரெண்டாயிரம் பை வேணும். உங்களால முடியுமா?"

அண்ணாச்சி மெல்ல காலரச் சரி பண்ணினாரு.

"ஏன் சார் முடியாது! சொல்லுங்க சார்! நட்டமெல்லாம் யாவாரத்துல சகஜம்தான சார். உங்க மொகத்தப் பாத்தாலே நம்பிக்கை வருது சார்!"

மொதல்ல கை தட்டினது சங்கரநாராயணன்தான்.

"அண்ணாச்சி, நம்ம கேள்வி?" ஜெபசெல்வி அவரு சட்டையப் பிடிச்சு இழுத்தா.

"சும்மா கெட பிள்ள. ஜோரான கம்பெனி. இன்னும் பத்து ஷேர் வாங்கிப் போடு."

அவளுக்கு உச்சி வரைக்கும் எரிஞ்சுது. அண்ணாச்சி கையிலருந்து மைக்கப் பிடுங்கினா.

"சேர்மன் சாப், எனக்குப் பை தைக்கத் தெரியாது. என் பணம் அம்பதாயிரம் எங்க போச்சு? சொல்லுங்க."