இரண்டு சிவப்புப் புள்ளிகள்

காலையில் படுக்கையறைத் திரைச்சீலையில் ஒரு வௌவால் தொங்கியது. தவமணி ஜன்னலைத் திறந்து துண்டால் விரட்டினான். சுகந்தியின் கழுத்தோரம் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன.

“தாலிக்கொடியில மாட்டுன ஊக்கு குத்தியிருக்கும்,” என்றாள்.

“பக்கத்துப் பக்கத்துல ரெண்டு இடத்துலயா?”

அவள் ஊக்கைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் வௌவால் கடிக்கும் போடுகிற வெறிநாய்க்கடி ஊசியைச் சுகந்திக்குப் போட்ட நர்ஸ் அவனைப் பார்த்தாள். “சார், நீங்களும் அதே ரூம்லதானே படுத்திருந்தீங்க? தூக்கத்துல கடிச்சா தெரியாது. உங்களுக்கும் போடணும்.”

எட்டு மாதமாகக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறவன், “ஆமா” என்று சட்டைக் கையைச் சுருட்டினான்.

சுகந்தி பெஞ்சில் அவனுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.