கொசு தின்னும் மீன்

வெள்ளைச் சட்டியை மறுபடியும் தண்ணீரில் முக்கி எடுத்தாள்.

தலைப்பிரட்டை ஒன்றுகூட இல்லை.

போன வாரம் குட்டையின் ஓரமெல்லாம் கறுகறுவென்று நெளிந்துகொண்டிருந்தன. இப்போது சட்டிக்குள் விரல்கணு நீளத்தில் சாம்பல் நிற மீன்கள்.

அவளுக்கு அந்த மீனைத் தெரியும். கொசுப்புழுவைத் தின்னும் என்று கொண்டுவந்து விடுவார்கள். தவளை முட்டையையும் அது விட்டுவைக்காது.

பாளையங்கோட்டைக்கு வெளியே, அவர்கள் காலனியின் கடைசித் தெருவில், கட்டட இடிபாடும் டயப்பருமாகக் கிடந்த குட்டை. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கி அள்ளினாள். கூட வந்த பெண்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். இந்த ஐப்பசி மழைக்குத்தான் முதன்முதலாகத் தவளை கத்தியது.

கூடவே புகாரும் வந்தது. கொசு பெருகுகிறது, மண் அடித்து மூடிவிடலாம் என்று காலனிச் செயலாளர் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்.

அவர் வேலைதான் இது.

நேரே அவர் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டாள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, வாளியோடு போனது உங்கள் வீட்டுக்காரர்தானே என்றார்.

வீடு திரும்பியபோது கணவர் எபனேசர் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சேற்று வாடை பிடிக்காமல் குட்டைப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர். லீவு போட்டு, சுகாதார அலுவலகத்தில் காத்து நின்று மீனை வாங்கிவந்து குட்டையில் விட்டாராம்.

“கொசு இல்லன்னா ஒன் குட்டையை விட்ருவாங்கல்லா.”

உண்மைதான். செயலாளர் கையெழுத்து வாங்குவதை நிறுத்தியிருந்தார்.

கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

வலையில் அள்ளித் தீராது. குட்டி போட்டுப் பெருகும் மீன். தண்ணீரை ஒட்ட இறைத்தால்தான் உண்டு.

மோட்டார் செயலாளரிடம் இருந்தது. அவரே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். ஒருவழியாக மனசு மாறினீர்களே என்று சந்தோஷப்பட்டார். மூடுவதற்கில்லை என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

அல்லிக் கிழங்குகளைத் தொட்டியில் எடுத்து வைத்தாள். மீன் வெளியேறாதபடி குழாய் வாயில் கொசுவலையைக் கட்டி, பக்கத்துக் காலி மனைக்குத் தண்ணீரைத் திருப்பினாள்.

மறுநாள் மாலை நடுக்குழியில் மட்டும் தண்ணீர் மின்னியது. அதற்குள் மீன்கள் கொதித்தன. எங்கிருந்தோ கொக்குகள் கூட்டமாக வந்து இறங்கின. இதுவரை ஒன்றிரண்டுக்கு மேல் வந்ததில்லை.

மாடிகளில் ஆட்கள் கூடினார்கள். போட்டோ எடுத்தார்கள். எவ்வளவு அழகாக இருக்கிறது என்று ஒருத்தி அவளைப் பார்த்துக் கையசைத்தாள்.

அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

எபனேசர் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கரைக்கு வந்தார். நேற்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை.

“இனி எப்ப தண்ணி நிக்கும்?”

கையில் காய்ந்த சேற்றைச் சுரண்டினாள்.

“மழை ஓஞ்சாச்சு. இனி அடுத்த ஐப்பசிக்குத்தான்.”

அவர் குழாயைச் சுருட்டிக் கரையில் வைத்தார்.

“அதுவரைக்கும் மண்ணு லாரி வராமப் பாத்துக்கிடணும்.”

கோபம் அப்படியேதான் இருந்தது.

உட்கார்ந்திருந்த கல்லில் சற்று நகர்ந்து, அவருக்கு இடம் விட்டாள்.