மெல்ல ஏறுவது

"இவனையெல்லாம் எதுக்கும்மா மனுஷங்க பக்கத்துல படுக்க வைக்கிறீங்க?" என்றார் எவாரிஸ்தோ, நர்ஸ் லிடியாவிடம்.

பக்கத்துக் கட்டிலில் வில்மர் இருமிக்கொண்டிருந்தான். உதடு கருகி, விரல் நுனியெல்லாம் வெந்து, முப்பது வயதிலேயே காய்ந்த முருங்கைக்காய் மாதிரி கிடந்தான்.

எவாரிஸ்தோ பொலிவியாவின் பொத்தோசிச் சுரங்கத்தில் பாறை உடைத்தே வயதானவர். அத்தனை வருடமும் கன்னத்தில் கோக்கா இலையை அடக்கிக்கொண்டுதான் உடைத்தார். இலை மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். பசி தெரியாது, களைப்புத் தெரியாது. புத்தி மட்டும் அதன் இடத்தில் இருக்கும்.

அதே இலையை எவனோ மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் களிம்பாக்க, இந்தப் பயல்கள் அதைச் சிகரெட்டில் திணித்து இழுக்கிறார்கள். இழுத்த புகை வெளியே வருவதற்குள் போதை உச்சிக்கு ஏறிவிடும். சாம்பலைத் தட்டுவதற்குள் இறங்கியும்விடும்.

அப்புறம் என்ன, அடுத்தது. வீட்டுப் பாத்திரம் போய், பெண்டாட்டி போய், கடைசியில் இந்தக் கட்டில்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கொஞ்சம் பொறுக்கத் தெரியாத ஜென்மம் எதற்கு மூச்சு விடுகிறது என்று எவாரிஸ்தோவுக்குக் குமட்டியது. பாறை விழுந்து ஒரு கால் நொறுங்கிப் படுத்திருந்தாலும், தான் அந்தக் கூட்டம் இல்லை என்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த கௌரவம்.

லிடியா வலி மாத்திரையை நீட்டினாள். இனிமேல் இதுதான், வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும் என்றாள்.

நேற்றுவரை ஊசி. கைநரம்பில் இறங்கும். அவள் அதை உருவி எடுப்பதற்குள் உடம்பு வெதுவெதுப்பாகிவிடும். வலி வேறு யாருடையதோ போல விலகி நிற்கும். வலி மட்டுமா, சுரங்கம், கடன், நாளைய பாடு, எல்லாமே.

எவாரிஸ்தோ மாத்திரையைப் பார்த்தார். அரை மணி நேரம்.

போர்வைக்கு மேலே காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறினார்.

"ஐயோ, உயிர் போகுதே! ஊசியே போட்டுரு தாயி!"

லிடியா பதறிப்போய் மருந்து எடுக்க ஓடினாள்.

வில்மர் இருமலை அடக்கிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினான். அவன் சிரிக்கவில்லை. வீட்டு ஆளிடம் சொல்வது போல, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"பெரியவரே, அவ வர்றதுக்குள்ள கைய மாத்திப் பிடிங்க. நொறுங்குனது அந்தக் காலு."