வெறுங்கால் நேர்ச்சை

அனுமன் கையிலிருந்து விழுந்த மருந்துவாழ் மலையை வெறுங்காலில் ஏறுபவனுக்கு மறுபிறவி கிடையாது என்று அறிவித்துவிட்டு, பேராசிரியர் தாணுமாலயன் கட்டிலில் சாய்ந்துகொண்டார். மூன்று வருடமாக அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஒரு தடவையாவது கால் இருப்பது தெரிய வேண்டும் என்பதுதான் உள்ளாசை. அந்த நேர்த்திக்கடனுக்காக அவருக்குப் பதிலாக மலை ஏறியவள் அவருடைய மாணவி பொன்னீலம். அவள் கணுக்காலில் கட்டியிருந்த பட்டை, அவள் பாதம் உணர்ந்ததையெல்லாம் நேராக அவர் மூளைக்கு அனுப்பியது.

பத்தாவது படியில் ஒரு கல் குத்தியது.

“அய்யோ! செருப்பைப் போடு மக்ளே!” என்று போனில் அலறினார்.

“வெறுங்கால் நேர்ச்சைன்னு நீங்கதானே சார் சொன்னிய?”

“சாமி கோவிக்காது. போடு!”

“கொண்டு வரலியே.”

அவள் உச்சி சேரும்வரை முனகிக்கொண்டே இருந்தார். அங்கே பாறையின் சூடும் கடற்காற்றும் விரலிடுக்கில் பட்டதும் முனகல் நின்றது. பிறகு அழுதார்.

“பொன்னீலம், எனக்குக் காலு வலிக்குது. நீ நல்லா இருப்பே.”

“அழாதிய சார். நீங்க முன்ன ஏறுனப்பவும் இப்படித்தான் காத்து அடிச்சுதா?”

அந்த மலையைப் பற்றி மூன்று நூல்கள் எழுதியவர் பேராசிரியர். கால் நன்றாக இருந்த காலத்தில் ஒருமுறைகூட அதில் ஏறியதில்லை.