வாய்க்காலில் வீசிய பூட்ஸ்

"எம் பொண்ணு பந்து விளையாடறதை நான் ஒரு நாளும் தடுத்ததில்லைங்க. அவ ஆசைக்குக் குறுக்க நின்னதே கிடையாது."

கேமராவைப் பார்த்துக் கணீரென்று சொன்னார் நடராசன். குத்தாலம் பக்கத்தில் நெல் விவசாயம் செய்பவர். அந்தச் சிற்றூர்ப் பெண்களின் கால்பந்து அணியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கச் சென்னையிலிருந்து வந்திருந்தாள் அஃப்ரீன். அந்த அணியிலிருந்து மாநில அணி வரைக்கும் போன ஒரே பெண், அவர் மகள் அனுராதா.

"நல்லா சொன்னீங்க ஐயா. போன வாரம் அனுராதாவும் உங்களைப் பத்திதான் பேசினாங்க. பாக்குறீங்களா?"

அஃப்ரீன் லேப்டாப்பைத் திருப்பினாள். நடராசன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். தான் சொன்னது பச்சைப் பொய் என்று மகளுக்குத் தெரியுமே.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஆடி மாதம். வயசுப் பெண் அரைக்கால் சட்டையோடு மைதானத்தில் ஓடுகிறாள் என்று டீக்கடையில் யாரோ சிரித்துவிட்டார்கள். நேரே வீட்டுக்கு வந்தவர், பள்ளியில் கொடுத்திருந்த பூட்ஸைப் பிடுங்கிக்கொண்டு போய், கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்த வாய்க்காலில் வீசினார். நீச்சல் தெரியாத பிள்ளை கரையில் நின்று கதறியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறு வாரமே அவள் மறுபடி விளையாடப் போனாள். வேறு பூட்ஸ் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். கேட்கவும் இல்லை.

திரையில் அனுராதா சிரித்தாள். "கோபத்துல எங்கப்பா என் பூட்ஸை வாய்க்கால்ல வீசிட்டாங்க. ஆனா மனசு கேக்கல. மறுநாள் காலையில அவங்களே இறங்கி எடுத்துட்டு வந்துட்டாங்க. ஒண்ணு மதகுகிட்டயே கெடந்துச்சு. இன்னொண்ணு கோரையில சிக்கிக்கிச்சு, இழுக்க இழுக்க வரல. கழுத்து வரைக்கும் தண்ணி வேற. எங்கப்பா இல்லன்னா நான் இல்லைங்க."

அஃப்ரீனின் கண் கலங்கியிருந்தது. "இதை நீங்க சொல்லவே இல்லையே ஐயா!"

நடராசனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. காபி டம்ளர்களோடு நிலைப்படியில் நின்ற மனைவி அமிர்தத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். இவள்தான். இவள்தான் வெள்ளத்தில் இறங்கி எடுத்து, 'அப்பா எடுத்தார்' என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள். இத்தனை வருடம் அதை நம்பியே அந்தப் பெண் ஓடியிருக்கிறது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நான் பேசினதை அழிச்சுடும்மா" என்றார் எழுந்து. "அத்தனையும் பொய். எம் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்து உள்ளதைச் சொல்றேன்."

கொல்லைப்புறம் போய் நின்று செல்லை எடுத்தார். இரண்டாவது மணியிலேயே அனுராதா எடுத்துவிட்டாள். பின்னால் பயிற்சி மைதானத்தின் விசில் சத்தம் கேட்டது.

"அனு... அன்னிக்கு நான் வாய்க்கால்ல இறங்கலம்மா. வீசுனதோட சரி. உங்கம்மா உங்கிட்ட பொய் சொல்லியிருக்கா." செல்லை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். "என்னை மன்னிச்சிடும்மா."

"அம்மா எதுவும் சொல்லலப்பா. அவங்களுக்கு இந்த விஷயமே தெரியாது. படத்தை நம்ம ஊரே பாக்கும்ல? உங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதேன்னு நான்தான் அப்படிச் சொன்னேன்."

"அப்ப... அந்தத் தண்ணியில இறங்குனது?"

"நான்தாம்ப்பா."