பாய் தேர்ந்தெடுத்த பூட்டு

"கடை லைசன்ஸ் காட்டினாத்தான் மொத்த விலை தெரியும் அங்கிள்," இணையக் கடைகளின் மொத்த விலைப் பக்கத்துக்குப் பூட்டுப் போடும் மென்பொருள் விற்கும் ரோஷினி முதல் சரக்கை அவிழ்த்தாள்.

"புடவை வாங்க வர்றவங்களை சாங்கி ஏர்போர்ட் மாதிரி சோதிக்கிறதா? வேணாம்லா!" சிராங்கூன் சாலை ஜவுளிக்கடை ஹுசைனின் உதடு மோவாயைத் தாண்டிப் பிதுங்கியது.

"அப்போ அடுத்தது. இது நீங்க சம்மதிச்சாத்தான் யாரையும் உள்ளேயே விடும்."

"கடையா, அரண்மனையா? தூக்கிப் போடு!"

மிச்சமிருந்த ஒன்றை அவள் வெட்கப்பட்டுக்கொண்டே காட்டினாள். "இதுல பொய்ப் பேரு போட்டாலும் நுழைஞ்சிடலாம்…"

ஹுசைன் நாற்காலி கவிழத் துள்ளி எழுந்தார். "இதேதான்! பில் போடு."

"அங்கிள், போட்டிக் கடைக்காரங்க உங்க விலையெல்லாம் பார்த்துடுவாங்க!"

"பார்க்கணும்லா, அதுக்குத்தானே! பில்லை எதிர்க்கடை முத்தலிப் பேருக்குப் போடு. 'எனக்கு கம்ப்யூட்டர் புரியாது, நீங்களே நல்லதாப் பார்த்து எடுத்துக் கொடுங்க பாய்'னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினாரு."