பங்களாவின் பின்பக்கம்

"இது எங்க பங்களா!" என்று கண்காட்சி ஹாலே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள் ஜெயலக்ஷ்மி.

"ஆமாம் மேடம். அல்சூர் ஏரிக்கரை பங்களா" என்றாள், படத்தை வரைந்த ஜூடித்.

ஜெயலக்ஷ்மிக்குப் பெருமை பிடிபடவில்லை. வெள்ளைக்காரத் துரை ஊரைவிட்டுக் கிளம்பியபோது அவள் கணவர் வாங்கிய வீடு. ஆனால் படத்தில் இருந்ததோ சமையல்கட்டுப் புகைபோக்கி, துணிக்கொடி, பின்வாசல் கற்படிகள்.

"ஊரே நின்னு பார்க்கிற போர்ட்டிகோவை விட்டுட்டுக் கொல்லைப்புறத்தையா வரைவாங்க? மூணாவது படியில விரிசல் வேற!"

"அந்த விரிசல் நிஜமாவே இருக்கு மேடம்."

"பதினோரு வருஷமா இருக்கேன், எனக்கே தெரியாதே!"

ஜெயலக்ஷ்மி, பக்கத்து நாற்காலியில் பட்டுப்புடவையில் இருந்த வயதான அம்மாளிடம் திரும்பினாள். காலையில் ரிப்பன் வெட்டிக் கண்காட்சியைத் திறந்துவைத்தது அவர்தான். யாரோ பெரிய இடத்து அம்மாள் என்று நினைத்தாள்.

"நீங்களே சொல்லுங்கம்மா. முன்பக்கத்தை வரைஞ்சிருக்க வேண்டாமா?"

ஜூடித் முந்திக்கொண்டாள். "இவங்க எங்க அம்மா அல்போன்சா. துரை இருந்தப்போ அந்த வீட்டுச் சமையல்காரி. நான் பிறந்ததே அங்கே அவுட்ஹவுஸ்லதான். முன் கேட்ல எங்களை விடமாட்டாங்க மேடம்."

ஜெயலக்ஷ்மி படத்திலிருந்த கற்படிகளை மறுபடி பார்த்தாள். "நாளைக்கு ரெண்டு பேரும் முன்வாசல் வழியா வாங்க. அதையும் வரைஞ்சு கொடுங்க" என்றாள்.

அல்போன்சா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"கட்டாயம் வர்றோம்மா. ஆனா அங்கே வரைய என்ன இருக்கு? நாலு தூணுதான். வீடு நடந்ததெல்லாம் எங்க பக்கத்துல!"